இரண்டு பலகை காணும்

நாலு பலகையும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கிய கடைசி நாளில் படகில் ஆறு பேர் இருந்தார்கள். டாக்டர் விஜயேந்திரன் வலது பக்கம், சுக்கான் இருக்கையில். அவர் மனைவி சுபத்திரா இடது பக்கம், ஐஸ் பெட்டியின்மேல் தலையணை போட்டு. டாக்டரின் அக்காள் யோகம் நடு இருக்கையில், வந்த வழியைப் பார்த்தபடி. தலைக்குமேல் கூரை இருந்தும் குடையை மடக்க மனமில்லாமல். மகன் பிரேமகுமார் முன்பக்கத்து மெத்தையில் மல்லாந்து. மகள் ஷாமளா பின்விளிம்பில், காலை வெளியே தொங்கப் போட்டு. ஆறாவது ஆள், படகைப் பார்த்துக்கொள்ளும் வீரமுத்து. அவருக்கென்று இருக்கை கிடையாது. இஞ்சின் மூடிக்குப் பக்கத்துப் படியில் ஒரு கால், பக்கவாட்டுக் கம்பியில் ஒரு கை, கண் இரண்டும் பலகைகள்மேல்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் படகு கிளம்புமுன் மனதுக்குள் எழுதிக்கொள்வது வீரமுத்துவின் வழக்கம். யோங் பெங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அவருக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை அது. முதலில் இடம், தேதி. பிறகு இருந்தவர்கள் யார். அதற்குப் பிறகுதான் சங்கதி. மாசாய்க் கோயில் கமிட்டியில் பதினோரு வருஷம் செயலாளராக இருந்து அந்தப் பழக்கம் முற்றிப்போனது. படகில் அதற்கு வேலையும் இருந்தது. ஆள் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் பலகை அலையில் தோயும். தோய்ந்த பலகையைத் தண்ணீர் பிடுங்கப் பார்க்கும்.

பலகை என்றால் மேலே நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை. ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு. நாலில் இரண்டு கெட்டிப் பலகை: டாக்டருக்கு நீலக்கோடு, அம்மாவுக்குப் பச்சைக்கோடு. மற்ற இரண்டும் காற்றடிக்கும் பலகை, பிள்ளைகளுடையவை, மஞ்சளும் ஆரஞ்சும். படகின் இரண்டு பக்கக் கம்பியிலும் நுரைப்பஞ்சு சுற்றிய தாங்குகைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு பலகை, விளிம்பில் நிற்கவைத்து, மூக்கு முன்னால் பார்க்க. கெட்டிப் பலகை உள்ளே, காற்றுப் பலகை வெளியே. இது வீரமுத்து கண்டுபிடித்த வரிசை. துறையில் படகை அணைக்கும்போது இடி வாங்குவது காற்றாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அடியில் இருக்கும் செட்டையைக் கழற்றித் துணிப்பையில் போட்டுவிடுவார். வெயில் ஏறினால் காற்றுப் பலகையில் கொஞ்சம் காற்றை விட்டுவிடுவார். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் தையல் விட்டுப்போகும். வாரை இறுக்கும்போது இரண்டு விரல் நுழைய இடம் வைப்பார். அதற்குமேல் இறுக்கினால் பலகை நசுங்கும், அதற்குக் கீழே விட்டால் காற்று தூக்கும்.

அன்று சீனப் பெருநாள் லீவு. பாசிர் கூடாங் துறைமுகத்தைத் தாண்டி, சுங்கை ஜொகூருக்குள் ஏறி, மீன் வளர்க்கும் கேலோங்குகளுக்குப் பின்னால் அலையில்லாத இடத்தில் நங்கூரம் போட்டார்கள். நாலு பேரும் பலகையில் ஏறிக் கண்டல் காட்டை ஒட்டிச் சுற்றிவந்தார்கள். யோகம் குடையோடு படகிலேயே இருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அதட்டினார். தலைக்குமேல் சாங்கிக்கு இறங்கும் விமானங்கள். பிறகு சாப்பாடு. புட்டு, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். சுபத்திராம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் படகுக்காரரிடம்தான் வருவார்.

"வீரமுத்து, காணுமோ?"

"இருக்கும்மா, இருக்கு."

ஆறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்த ஜூன் மாதம் குளியலறையில் விழுந்த சுபத்திராம்மா பிறகு எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கும் பெர்த் நகரத்திலிருந்து வந்து, முப்பத்தோராம் நாள் முடிந்ததும் பெர்த்துக்கே திரும்பினார்கள். யோகம் சிரம்பானுக்கு. படகு துறையிலேயே கிடந்தது.

வாரம் இரண்டு நாள் போனால் போதுமான வேலைக்கு வீரமுத்து நாலு நாள் போனார். வீட்டில் அவரும் தனிதான். மகள் பிரவீனாவுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி பேச்சியம்மாள் சிங்கப்பூருக்கு, ஊட்லண்ட்ஸ் போய்விட்டார். மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து, குளிர்சாதனப் பெட்டியில் குழம்பு வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போவார். குழம்பு புதன்வரை வரும். அப்புறம் ஒரு குவளை அரிசி, ஒரு டின் சாடின் மீன். எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள்கள் காலை நாலரைக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கிக் கிளம்பும். அந்தச் சத்தம் அடங்கியதும் மாடிக்குடியிருப்பில் லிஃப்ட் ஏறி இறங்குவது மட்டும் கேட்கும். படகுத்துறைக்குப் போனால் செய்ய ஏதாவது இருந்தது. இஞ்சினைக் கால் மணி ஓடவிடலாம். ஸ்டோர் அறையில் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி, சுவர்க் கைகளில் ஏற்றி, மேலே பழைய பெட்ஷீட் போர்த்தலாம். ஸ்டோர் சாவி இரண்டு. ஒன்று டாக்டரிடம், ஒன்று அவரிடம்.

அந்தச் சாவி அவருக்குச் சும்மா வந்ததல்ல. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இருபத்தாறு வருஷமும் சாயங்காலம் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார். பையில் சாப்பாட்டு மங்குச்சட்டியும் துண்டும் தவிர ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. ஆனாலும் திறந்துதான் காட்டினார். டாக்டரோ முதல் நாளே, அடையாள அட்டையான ஐசியைக்கூடக் கேட்காமல் சாவியைக் கையில் வைத்தார். "நீங்க பாத்துக்குங்க வீரமுத்து," என்றார். அன்று சாயங்காலம் பேச்சியம்மாளிடம் அந்தச் சாவியைக் காட்டி, "பாரு, பை திறக்காத வேலை," என்று சொன்னார்.

இந்த மார்ச் மாதம் பேரனுக்கு மொட்டை போட அவர் சிங்கப்பூர் போய் ஐந்து நாள் தங்கினார். புதன்கிழமை சாயங்காலம் திரும்பும்போது பாலத்தில் பஸ் நகரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் ஆவி. வேலைவிட்டு வரும் ஜனம் நின்றுகொண்டே தூங்கியது. அப்போதுதான் டாக்டரின் குரல் பதிவு வந்தது. போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். எட்டு விநாடிதான்.

"வீரமுத்து... ரெண்டு பலகை காணும். ஞாயித்துக்கிழமை வாங்கோ, கதைப்பம்."

இன்னொருமுறை கேட்டார். பக்கத்தில் நின்ற பையன் தோளில் இடித்ததும் தெரியவில்லை. டாக்டர் அவரிடம் எப்போதும் "பேசலாம்" என்றுதான் சொல்வார். "வாங்க" என்பார். இந்த "வாங்கோ"வும் "கதைப்ப"மும் அவர் தன்னிடம் சொல்லும்போது புதிதாக, அந்நியமாக இருந்தன. ஆள் தூரமாகிவிட்டால் பேச்சும் தூரமாகிவிடும்போல என்று நினைத்துக்கொண்டார்.

வியாழன் காலை ஏழு மணிக்கே ஸ்டோருக்குப் போனார். பூட்டு பூட்டியபடி. உள்ளே சுவரில் நீலக்கோடும் பச்சைக்கோடும் பெட்ஷீட்டுக்கு அடியில் இருந்தன. மஞ்சளும் ஆரஞ்சும் இல்லை. அவற்றைச் சுருட்டி வைக்கும் பைகள் மாட்டியிருந்த ஆணி காலி. கைப்பம்பு இருந்த மூலையில் வட்டமாகத் தூசி இல்லாத இடம்.

மேசைக்கு அடியில் பார்த்தார். படகில் ஏறி எல்லா இருக்கைகளையும் தூக்கிப் பார்த்தார். பத்தரை அடிப் பலகை காற்று ஊதின நிலையில் இருக்கைக்குள் இருக்காது என்று தெரிந்தும் தூக்கிப் பார்த்தார். பிறகு காவல்கூண்டுக்குப் போனார். லெட்சுமணன் ரொட்டியைப் பாலில்லாத தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் இல்லாதப்ப ஸ்டோருக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? செவ்வாக்கிழம வரைக்கும் நானே லீவு. நேப்பாளி ஒருத்தன் நின்னான், அவனும் கான்ட்ராக் முடிஞ்சி போய்ட்டான். என்ன, சாமான் போச்சா?"

"ரெண்டு பலகை காணும்."

"பூட்ட ஒடச்சிருக்கா?"

"இல்ல."

"ஜன்னலு?"

"ஜன்னலே கெடயாது."

"பையும் போச்சா?"

"பையும் போச்சு, பம்பும் போச்சு."

லெட்சுமணன் ரொட்டியை வாயில் போட்டு மென்றான். "அப்ப காத்த எறக்கி, சுருட்டி, பையில போட்டு, திரும்பப் பூட்டிட்டும் போயிருக்கான். ரொம்ப நல்ல திருடன் லா. வேல தெரிஞ்ச ஆளு." பிறகு சிரித்தான். "சாவி யாருகிட்ட இருக்கு, உங்ககிட்டதான?"

விளையாட்டாகத்தான் சொன்னான். வீரமுத்து சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தவர், ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பேச்சியம்மாள் கூப்பிட்டார். பின்னால் பேரன் கத்துவது கேட்டது.

"ஏங்க, சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"என்ன சாப்டீங்க?"

"சோறு."

"சோத்துக்கு?"

"சாடின்."

"அலமாக், மறுபடியுமா? அந்த டின்னுக்கே உங்களப் பாத்தா பாவமா இருக்கும் லா. நான் அனுப்புன கறிய என்ன பண்ணீங்க?"

"பேச்சி, டாக்டரு என்னைய சந்தேகப்படுறாரு."

குரல் பதிவிலிருந்து காவல்கூண்டுவரை நடந்ததைச் சொன்னார். பேரனை அதற்குள் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நேரா ஒரு போன் போட்டுக் கேளுங்க. ஐயா, நான் ஊர்ல இல்ல, என்ன ஆச்சுன்னு."

"கேட்டா பையத் தொறந்து காட்டுற மாதிரி."

"நீங்க என்ன, எடுத்தீங்களா?"

"பேச்சி!"

"எடுக்கலதான? அப்ப கேக்குறதுக்கு என்ன வெக்கம்? ஆறு வருசம் அந்த மனுசன் ஒரு வார்த்த கூடக் கொறச்சுப் பேசுனதில்ல. பொண்டாட்டி செத்த மனுசன். ஏதாச்சும் நெனப்புல சொல்லியிருப்பாரு."

"நெனப்புல சொல்ற மாதிரி இல்ல. ரெண்டு பலகை காணும்னு கணக்கா சொல்றாரு. ஞாயித்துக்கெழம கதைப்பமாம். விசாரணை."

"உங்களுக்கு எல்லாமே கமிட்டி மீட்டிங்குதான். சரி, எழுதுங்க. கடுதாசி எழுதாம உங்களுக்குத் தூக்கம் வரவா போவுது? எழுதிட்டு, எனக்குப் படிச்சுக் காட்டாம அனுப்பாதீங்க."

படித்துக் காட்டாமல்தான் அனுப்பினார். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினார். இடம், தேதி. ஒப்படைக்கும் சாமான்கள்: துடுப்பு நான்கு, இருக்கைக்கு அடியில், வலப்புறம். செட்டை, துணிப்பையில். வார் எட்டு, அதில் ஒன்று பல் தேய்ந்தது, மாற்ற வேண்டும். கெட்டிப் பலகை இரண்டு, ஸ்டோர் சுவரில். கடைசிப் பத்தி மட்டும் மூன்றுமுறை கிழிபட்டது. முடிவில் நின்றது இது: 'காணாமற்போன இரண்டு பலகைகள் குறித்து எனக்கு எதுவும் தெரியாது. என்மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் நான் நிற்பது முறையாகாது. சாவியை இத்துடன் வைத்துள்ளேன்.'

சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்குப் போய், டாக்டரின் கிளினிக் கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் உறையைக் கொடுத்துவிட்டு, டாக்டர் இருக்கிறாரா என்று அவள் சொல்லுமுன் வெளியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் அடித்தது. டாக்டர். அடித்து நின்றது. எட்டரைக்கு இன்னொருமுறை. எடுக்கவில்லை. அந்த நேரத்துக்குப் படகுத்துறையில் என்ன வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கயிறு நனைந்திருக்கும். இந்த மாதத்துக் காற்று ஒன்பது மணிக்குமேல் திரும்பும். பலகையைத் தூக்குகிறவன் அதன் அகலத்தைக் காற்றுக்குக் காட்டக்கூடாது, விளிம்பைத்தான் காட்டவேண்டும். தனி ஆள் என்றால் ஆளையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஒருவர் மூக்கைப் பிடிக்க, ஒருவர் வாலைப் பிடிக்கவேண்டும். அந்த வீட்டில் வாலைப் பிடிக்க வருகிறவர் சுபத்திராம்மா ஒருவர்தான். "நான் பிடிக்கிறன், நீங்கள் நடவுங்கோ," என்பார்.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. பகல் முழுக்க அதை மேசைமேல் பார்வையில் படுகிறமாதிரி வைத்திருந்தார். மூன்று மணிக்கு இடி இடித்து மழை கொட்டி, ஐந்து மணிக்கு விட்டது. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து சோப்புக் காய்ச்சுகிற வாடை வந்தது. ஒரு குவளை அரிசி போட்டார்.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு யாரோ இரும்புக் கதவைத் தட்டினார்கள். யோகம் நின்றார். கையில் அதே குடை. லிஃப்ட் வேலை செய்யாததால் நாலு மாடி ஏறி மூச்சு வாங்கியது.

"வீரமுத்து வீடு இதுதானே?"

"அம்மா! வாங்கம்மா, உக்காருங்க. செரம்பான்லருந்தா வர்றீங்க? தேத்தண்ணி கலக்குறேன்."

"நான் தண்ணி குடிக்க வரேல்லை." உட்கார்ந்து, கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சாவி கிணுங்கியது. "நல்ல வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். இந்தக் கையெழுத்து பள்ளிக்கூட வாத்திமாருக்கும் வராது. ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை. எந்தப் பலகை காணாமற்போனது?"

"மஞ்சளும் ஆரஞ்சும்மா."

"அதைத் தம்பியல்லோ எடுத்தவன்? போன திங்கக்கிழமை காரில ஏத்திக்கொண்டு போய் மெர்சிங்கில ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தவன். பம்பும் பையும் சேர்த்து. பிரேம் சொன்னவன், 'அப்பா, நாங்கள் இனி எப்ப வருவமோ தெரியாது, பிள்ளையள் விளையாடுற இடத்தில குடுங்கோ' எண்டு."

வீரமுத்து நின்றபடியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அதே வேகத்தில் கோபம் ஏறியது.

"அவரே எடுத்துக் குடுத்துட்டு, எங்கிட்ட காணும்னு சொன்னா எப்படிம்மா?"

"அவன் எங்கை அப்பிடிச் சொன்னவன்?"

வீரமுத்து போனை எடுத்து அவர் காதருகே பிடித்து அழுத்தினார். எட்டு விநாடி. யோகம் தலையை ஆட்டிக் கேட்டார்.

"ஓம். சரியாத்தானே சொல்லுறான்."

"என்னம்மா சரி? ரெண்டு பலகை காணும்னு சொல்றாரு."

"ஓம். ரெண்டு காணும்."

"அதான்மா நானும் சொல்றேன். ரெண்டு காணும்னு."

"பிறகென்ன? ரெண்டு காணும் எண்டா காணுந்தானே. நாலு என்னத்துக்கு?"

"நாலு இருந்துச்சேம்மா!"

"இருந்தது. அப்ப நாலு பேர் இருந்தவை. இப்ப ரெண்டு காணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்தக் கிழவிக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று வீரமுத்துவும், இந்த மனுஷனுக்குக் காது மந்தமோ என்று யோகமும். பேச்சு முட்டி நின்றதால் வீரமுத்து உள்ளே போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார். விருந்தாளி வேண்டாம் என்றாலும் கொடுக்கிற வீடு அது. குவளையை வைத்து, சீனி டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டார். இரண்டாவது கரண்டியை எடுத்தார்.

"காணும், காணும்," என்றார் யோகம்.

"என்னம்மா காணும்?" வீரமுத்து மேசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மூக்குக்கண்ணாடியா?"

"சீனி காணும் எண்டுறன்."

"சீனி இந்தா இருக்கேம்மா," என்று டப்பாவைத் தூக்கிக் காட்டிவிட்டு, கரண்டியைக் குவளைக்கு மேலே கொண்டுபோனார்.

யோகம் உள்ளங்கையால் குவளையை மூடினார்.

கரண்டி அப்படியே நின்றது. வீரமுத்து அந்தக் கையைப் பார்த்தார். நரம்பு புடைத்த, ஒற்றை வளையல் போட்ட கை. ஆவி விரலிடுக்கில் வந்தது. சாப்பிட்டவன் இலைக்கு மேலே குறுக்கே நீட்டுகிற கை அது. எந்த ஊரிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"போதும்னு சொல்றீங்க," என்றார், மெதுவாக.

"வேறென்ன? காணும் எண்டா போதும் எண்டுதானே."

வீரமுத்து கரண்டியிலிருந்த சீனியை டப்பாவுக்குள் திரும்பக் கொட்டினார். கொஞ்சம் மேசையில் சிந்தியது. ரெண்டு பலகை போதும். ஞாயிற்றுக்கிழமை வாங்க, பேசலாம். அவ்வளவுதான். ஐஸ் பெட்டிப் பக்கமிருந்து கரண்டியோடு வரும் சுபத்திராம்மா ஞாபகத்துக்கு வந்தார். காணுமோ? ஏதோ தொலைந்துவிட்டதா என்று கேட்பதாகத்தான் ஆறு வருஷமும் அவர் நினைத்தார். தட்டையும் சம்பலையும் பார்த்து, எல்லாம் இருக்கு என்று பதில் சொன்னார். அந்த அம்மாவும் 'இருக்கு' என்பதைக் கேட்டுத் திருப்தியாக அடுத்தவரிடம் போனார். ஒருநாளும் இடறவில்லை.

யோகம் அதற்குள் முழுவதையும் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். "ஐயோ, தொலைஞ்சு போச்சு எண்டோ? உங்கட ஆக்களுக்குக் காணும் எண்டா அதுவோ?" சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வீரமுத்து, அவன் உங்களோட இப்பிடித்தான் கதைக்கிறவனோ?"

"இல்லம்மா. எங்ககிட்ட எங்கள மாதிரியேதான் பேசுவாரு. வாங்க, போங்க, பேசலாம்னு."

"அதுதானே." தேநீரை ஒரு மிடறு குடித்தார். "எங்கட அம்மா சின்னனிலயே சொல்லி வளர்த்தவ. வெளியில போனா எல்லாரும் பேசுறமாதிரிப் பேசு, வீட்டுத் தமிழ் வீட்டுக்குள்ள எண்டு. முப்பத்தெட்டு வருசம் கிளினிக்கில இருக்கிறான். ஒரு நோயாளிக்கும் தெரியாது, இவன் வீட்டில எப்பிடிக் கதைப்பான் எண்டு. பிள்ளையள் இங்கிலீசு. பிறகு சுபத்திரா ஒருத்திதான்..."

கீழே மீன் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"நேற்றைக்குப் படகுக்குப் போனவன்," என்றார் யோகம், குவளையைக் கீழே வைத்துவிட்டு. "பலகையைத் தனியத் தூக்க ஏலாமல் அப்பிடியே விட்டிட்டு, படகில போய் இருந்தவனாம். அவிழ்க்கவும் இல்லை, இஞ்சின் போடவும் இல்லை. பதினொரு மணிக்கு வீட்டை வந்தவன், உடுப்பில ஒரு சொட்டு ஈரமில்லையாம். பிறகுதான் எனக்குப் போன் எடுத்தவன், நான் உடனே பஸ் ஏறி அவன்ரை வீட்டை வந்திட்டன். 'அக்கா, நான் வீரமுத்துவுக்கு என்ன சொன்னனான்? பிழையா ஏதும் சொன்னனானோ?' எண்டு, அதையே கேட்டுக்கொண்டிருந்தான்."

"நீங்க போய்ச் சொல்லிடுங்கம்மா. இந்த மாதிரி, எனக்குத்தான் புரியலன்னு."

"நான் சொல்லமாட்டன்." குடையை ஊன்றி எழுந்தார். "எழுதினது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ." உறையை மேசையிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். கடைசி மாடிவரை குடை தட்டும் சத்தம் கேட்டது.

வீரமுத்து பேச்சியம்மாளுக்கு அடித்துச் சொன்னார். அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார், வந்தது.

"ரெண்டு பேருமே தமிழு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தர் வந்து தமிழ்ல சொல்ல வேண்டியிருக்கு லா. இப்பவாச்சும் போன் போட்டுப் பேசுங்க."

"எழுதுறேன்."

"எழுதுனதுனாலதான் வந்தது வெனை!"

"பேசுனதுனால வந்தது பேச்சி."

"வர்ற சனிக்கெழம வரேன். புட்டு அவிச்சு எடுத்துட்டுப் போங்க, ரெண்டு பேருக்கும்," என்றார் பேச்சியம்மாள். "எனக்கு சுபத்திராம்மா மாதிரி வராது. சாடின விட நல்லாருக்கும்."

போனை வைத்ததும் மறுபடி வீடு அமைதியானது. மேசையில் சிந்திய சீனியைத் துடைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். தன் பழைய கடிதத்தை ஒருமுறை படித்தார். 'நம்பிக்கை இல்லாத இடத்தில்' என்ற வரியில் கண் நின்றது. தன்னை நம்பாத பேச்சு என்று அவர் எண்ணியது, அந்த மனிதர் தன் வீட்டுக்குள் மட்டுமே பேசிய பேச்சு. யோசித்து யோசித்துப் பேசுகிறவர், யோசிக்காமல் அவரிடம் பேசிவிட்டார். அதற்குத்தான் வீரமுத்து சாவியைத் திருப்பி அனுப்பினார்.

அதை எழுத வரவில்லை. எழுத வந்ததை எழுதினார்.

*மாசாய்,*
*திங்கட்கிழமை.*

*மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.*

*எனது முதல் கடிதம் இரத்து. அதில் உள்ளது என் காதின் பிழை. விவரத்தை அக்கா அவர்கள் அறிவார்கள்.*

*வரும் ஞாயிற்றுக்கிழமை படகில் இருப்போர் இருவர். தாங்கள் வலது பக்கம், சுக்கான் இருக்கையில். நான் இடது பக்கம், ஐஸ் பெட்டிக்கு அருகில் நின்றுகொள்கிறேன். பாரம் சரியாக இருக்கும்.*

*நீலக்கோட்டுப் பலகை வலது கம்பியில், உள்பக்கம். பச்சைக்கோடு இடது கம்பியில், உள்பக்கம். வெளியே காற்றுப் பலகை இல்லாததால் துறையில் இடிபடாமலிருக்கப் பழைய மெத்தையில் இரண்டு துண்டு வெட்டிக் கட்டிவிடுகிறேன். நீலத்தின் வாலை நான் பிடிக்கிறேன். பச்சையைத் தண்ணீரில் இறக்க வேண்டியதில்லை. கட்டியபடி வரட்டும்.*

*சாவி என்னிடம் இருக்கிறது.*

*ஐயா, இரண்டு பலகை காணும்.*

அடுத்த வரியில் 'நேரில் பேசலாம்' என்று எழுதப் பேனாவை வைத்தவர், எடுத்துவிட்டார். டாக்டர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை எழுத்தில் எப்படி எழுதுவது என்று எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதில் விழுந்தது விழுந்தபடி எழுதினார்.

*ஞாயிற்றுக்கிழமை கதைப்பம்.*

கையெழுத்துப் போட்டு, மூன்றாக மடித்து, உறையில் வைத்து, பசைவிளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினார். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு தடவை அழுத்தினார். மழைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்து, மாசாய்த் தபால் நிலைய வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே இறங்கிப் போய், சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் உறையைப் பாதி நுழைத்து, ஒரு விநாடி பிடித்திருந்து, விட்டார்.